மச்சான் தெரிவுசெய்த லெப்டொப்

பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க எனக்கு இடம் கிடைத்த வருடம், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேறு யாருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வாழ்த்துச் சொல்ல எங்கள் லய வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுவிட்டுப் போனார்கள். “கம்பியூட்டர் படிக்கப் போற புள்ளைக்குக் கம்பியூட்டர் இருக்கா?”

இருக்கவில்லை. கண்ணாடி வெடித்த ஒரு ஃபோன் இருந்தது. உயர்தர வகுப்பு முழுவதையும் அதை வைத்துத்தான் படித்தேன். அதே ஃபோனில், எனக்கு முந்திய வருடம் அதே பாடத்துக்குப் போயிருந்த ஓர் அக்காவிடம் என்ன லெப்டொப் வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். அவர் குரல் பதிவாகவே அனுப்பியிருந்தார். ரேம் எட்டுக்குக் குறைய வேண்டாம், பதினாறு என்றால் நாலு வருடத்துக்கும் போதும். சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பார். கேம் விளையாடுவதற்காகச் செய்த பெரிய மெஷின்கள் வேண்டவே வேண்டாம், விரிவுரைக்கு விரிவுரை தோளில் தூக்கப் போவது நீதான். கடைசியாக, வாங்குவதற்கு முன் உன் விரலால் தட்டிப் பார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அப்பா தோட்டத்து ஸ்டோரில் மிளகும் கிராம்பும் காயவைத்துச் சாக்குக் கட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அம்மாவின் அண்ணன், என் மாமா, சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டிறங்கி, தம்புள்ளைப் பொருளாதார நிலையத்தில் மூட்டை தூக்கி, பிறகு அங்கேயே மரக்கறி வியாபாரியாகி, அலுவிகாரையில் மாடி வீடு கட்டியவர். அவருக்கு ஒரே மகன். அந்த மச்சான் கொழும்பில் ஒரு கம்பனியில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். எங்கள் சொந்தத்தில் யாருடைய ஃபோன் பழுதானாலும் அவன் வரும்வரை காத்திருப்பார்கள். அவன் அதைக் கையில் வாங்குவதற்கு முன் சொந்தக்காரரை ஒருமுறை முட்டாளாக்குவான். அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள்.

“கொஞ்ச மாசம் பொறுத்தா நாமளே ஒரு பழச வாங்கிக்கலாம்” என்றார் அப்பா.

“எங்கண்ணன் கல்லு மாதிரி இருக்கிறப்ப எம்புள்ள எதுக்குப் பழசத் தூக்கணும்?” என்றார் அம்மா. “அண்ணனே வாங்கித் தாரேன்னு சொல்லிருச்சு. மகன் வந்து பார்த்து எடுத்துக் குடுப்பானாம்.”

அம்மாவின் அண்ணனைப் பற்றிய பேச்சில் அப்பா எப்போதும் இரண்டாவது வாக்கியத்துக்குப் போனதில்லை.

ஒரு சனிக்கிழமை மாத்தளை டவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடிக் கடை ஒன்றுக்குப் போனோம். மாமா, அத்தை, மச்சான், அம்மா, நான். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. கடைக்காரர் எங்களூர் முஸ்லிம் மனிதர். மாமா அவரை நாநா என்றும் அவர் மாமாவை மொதலாளி என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். வரிசையாக மெஷின்கள் திறந்து வைக்கப்பட்டிருந்தன. நான் முதலிலேயே கண்டுவிட்டேன். சாம்பல் நிறம், மெல்லியது, பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டில் பதினாறு என்று எழுதியிருந்தது. கிட்டப் போய் ஒரு விரலால் ஒரு எழுத்தை அழுத்தினேன்.

“கைய எடு” என்றான் மச்சான். “தேங்காண்ணெ ஒட்டும்.”

அத்தை சிரித்தாள். நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். துடைத்ததைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

“பரவாயில்ல மகள், தொட்டுப் பாருங்க, அதுக்குத்தானே வச்சிருக்கு” என்றார் கடைக்காரர். “எது புடிச்சிருக்கு?”

“இது. ரேம் பதினாறு இருக்கு. எஸ்எஸ்டி. பாரமும் இல்ல.”

மச்சான் கைகளைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றான். “ரேம்னா என்னா? சொல்லு பார்ப்போம். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி.”

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கிற வேலையை வைத்துக்கொள்ளும் இடம், மெஷினை அணைத்தால் அதில் இருப்பது அழிந்துவிடும் என்றேன். சரியான பதில்தான். கடைக்காரர் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன்.

“பாடமாக்கிட்டு வந்திருக்கு” என்றான் மச்சான், அவரிடம். “லயத்துப் புள்ளைங்க இப்பிடித்தான் நாநா, எல்லாத்தையும் பாடமாக்கிரும். வெளங்காது.” பிறகு என்னிடம், “அழியிறதப் பத்தியே பேசுறியே. மருமகள்னா சேர்த்து வைக்கிறதப் பத்தியில்ல பேசணும்?”

எங்கள் பேச்சில் தங்கையின் மகளும் மருமகள்தான், மகன் கட்டிக்கொள்ளப் போகிறவளும் மருமகள்தான். எந்த மருமகள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா தன் அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றுதான், அந்த மாடிக் கடையில்தான், என்ன பேசி முடித்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. என்னைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது.

மச்சான் எடுத்தது கறுப்பும் சிவப்புமான ஒரு பெரிய மெஷின். மூடியில் வெளிச்சம் எரியும். “ஒனக்கு என்னா வேணும்னு எனக்குத் தெரியும். நீ படிக்கிற வேலைய மட்டும் பாரு” என்றான். மாமா காசைக் கட்டினார். பெட்டியை மச்சான் என் கையில் தரவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் போட்டு, ‘செட் பண்ணி’ அனுப்புவதாகச் சொன்னான்.

அடுத்த வாரம் அது வந்தது. அத்தை அதற்குக் குங்குமம் வைத்து, அலுவிகாரை வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து என்னை எடுக்கச் சொன்னாள். மச்சானுடைய கட்டளை ஃபோனில் வந்தது. “நான் போட்ட பாஸ்வேர்ட மாத்தாத. மாத்தினியோ, புரோகிராம் எல்லாம் போயிரும்.” நான் இன்னும் ஒரு விரிவுரைக்கும் போயிராதவள். நம்பினேன்.

அது நல்ல மெஷின். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். எதைப் போட்டாலும் ஓடியது. ஆனால் செங்கல் மாதிரிப் பாரம். தோளில் பட்டி அழுத்திய இடம் முதல் தவணை முழுக்கச் சிவந்து கிடந்தது. மூடியைத் திறந்தால் சிவப்பு வெளிச்சம் எரியும், பின்வரிசைப் பையன்கள் “கார்னிவல் தொடங்கிட்டாங்கடா” என்பார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாதது மச்சானின் ஃபோன்.

முதலில் அது அக்கறை மாதிரித்தான் இருந்தது. “நேத்துப் படமா பார்த்த? பரீட்சை வருதில்ல?” எப்படித் தெரியும் என்று கேட்டால், “எனக்குத் தெரியாதது என்ன இருக்கு” என்பான். பிறகு, “அந்த மட்டக்களப்புப் பையனுக்கு எதுக்கு ஒன் அசைன்மென்ட அனுப்புற?” பிறகு, “மூஞ்சில பரு வந்தா டொக்டர்கிட்டப் போ, கூகுள்ல தேடாத. அசிங்கமா இருக்கு.” யாரோ என்னைப் பற்றி அவனுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்து, ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, எங்கள் பிரிவில் யாருடனும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். விடுதி அறையில் என்னுடன் இருந்தவள் மாத்தளை டவுன் முஸ்லிம் பிள்ளை. அவளுடன் மட்டும் நெருக்கமாக இருந்தேன். அவள் ஊருக்குப் போனாலும் லெப்டொப்பிலிருந்து அவளுக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அலுவிகாரை வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அம்மா காலையிலேயே போய்விட்டார். நாங்கள் போனபோது குசினியில் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமா, அத்தை, அத்தையின் தங்கை குடும்பம், அப்பா, நான் எல்லோரும் முன்னறையில் இருந்தோம். மச்சான் கதிரையில் சாய்ந்துகொண்டு குசினிப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

“அத்தே, ஒங்க மக ஒங்களப் பத்தி என்னா சொல்லுது தெரியுமா? ‘எங்கம்மா அவங்க அண்ணன் வீட்டுக்குள்ள போனதும் வேலைக்காரி ஆயிருவாங்க. கூப்பிட்டாத்தான் சாப்பிட வருவாங்க. அதப் பார்க்க முடியாமத்தான் நான் அங்க போறதில்ல.’ இதான் படிச்ச புள்ள பேசுற பேச்சு.”

ஓர் எழுத்துப் பிசகாமல் நான் எழுதியதுதான் அது. என் அறைத் தோழிக்கு எழுதியது.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. யாரும் அம்மாவை எழுந்து வரச் சொல்லவில்லை. அத்தையின் தங்கை என்னைப் பார்த்து, “அடியாத்தி” என்றாள். நான் எழுந்து குசினிக்குப் போனேன். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார். “போ அங்கிட்டு. வேலைக்காரி பக்கத்துல ஒனக்கு என்னா வேல.”

அன்று அவர் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு. மச்சான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

விடுதிக்குத் திரும்பிய உடனே அறைத் தோழியைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுதியதை யாருக்குக் காட்டினாய் என்று கேட்டேன். கேட்ட விதம் நல்லதாக இருந்திருக்காது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அல்லாவுக்காக, நான் ஒருத்தருக்கும் காட்டல்ல” என்றாள். பையிலிருந்து உடுப்பை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கையை நீட்டி என் லெப்டொப்பைக் காட்டினாள். “நீ எழுதினது எனக்கு மட்டுமா தெரியும்? இதுக்கும் தெரியும்தானே? இத ஒன்ட மச்சான்தானே செட் பண்ணித் தந்த?”

“ஆமா.”

“அப்ப ஒருத்தருக்கும் அனுப்பாம, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, சும்மா ஒண்டு எழுதிப் பாரு. அது வெளிய வருதாண்டு பார்ப்போம்.”

உடனே செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. மாதங்கள் போயின. அவனுடைய ஃபோன்கள் நிற்கவில்லை. தீபாவளி நெருங்கிய ஒரு பின்னேரம், வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து தட்டினேன். தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை, பிரிவுப் பிள்ளைகளோடு திருகோணமலைக்குப் போகிறேன், அம்மாவிடம் பரீட்சை என்று பொய் சொல்வேன். அவ்வளவுதான். அதைச் சேமிக்கவும் இல்லை. மூடிவிட்டேன். அப்படி ஒரு பயணமே கிடையாது. அறைத் தோழியிடம்கூட என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அம்மா எடுத்தார். வருடப்பிறப்புக்குப் பிறகு அவராக எடுத்த முதல் அழைப்பு.

“திருகோணமலையில என்னாடி வேல ஒனக்கு? பரீட்சைன்னு எங்கிட்டயே பொய் சொல்லுவியா?”

வரிசையை விட்டு விலகினேன். “யாரும்மா சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. ஒனக்கெதுக்கு அது?”

அன்று பின்னேர விரிவுரைக்கு நாங்கள் இருவரும் போகவில்லை. என் பாடக் குறிப்புகளை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, லெப்டொப்பில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். தோழி பக்கத்தில் இருந்து தன் ஃபோனைப் பார்த்து ஒவ்வொரு படியாக வாசித்தாள், நான் செய்தேன். புதிதாக எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது விடுதி மணி அடித்தது. படிக்கப் போன பாடத்தில் நானாகச் செய்த முதல் வேலை அதுதான். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு இறங்குவதற்குள் மச்சானின் ஃபோன் வந்துவிட்டது.

“லெப்டொப்புக்கு என்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே. ஏன் மச்சான், அதுக்கு என்னமோ ஆச்சுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “வாங்கிக் குடுத்தவனுக்குத் தெரியாதா? நான் பார்க்கிற சாமான நான் பார்ப்பேன். தீவாளிக்கு வா, பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டான்.

தீபாவளிக்கு மறுநாள் அலுவிகாரை வீட்டு முன்னறையில் எங்களை உட்காரவைத்தார்கள். நடந்ததை நான் சொன்னேன். எனக்குத் தெரியாமல் மெஷினுக்குள் ஒன்றைப் போட்டு, நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கொழும்பில் இருந்து பார்த்திருக்கிறான் என்றேன். மாமாவுக்கு அது விளங்கியது. விளங்கியும் அவர் முகம் மாறவில்லை.

“கட்டிக்கப் போறவன் பார்த்தா என்னா? பொண்ணு தூரத்துல இருக்கு, கெட்டுப் போயிறக்கூடாதுன்னு பார்த்திருக்கான்.”

“யாரு மாமா கட்டிக்கப் போறதா சொன்னா? என்கிட்ட யாரு கேட்டா?”

“ஒங்கம்மாகிட்டக் கேட்டாச்சு.”

அப்போதுதான் மச்சான் தன் ஃபோனை எடுத்தான். அதில் எல்லாம் இருந்தது. என் திரையைப் படம் படமாக எடுத்து வைத்திருந்தான். எங்கள் பிரிவு மட்டக்களப்புப் பையன் எனக்கு எழுதியது, நான் அவனுக்கு எழுதியது. கணக்குத்தான், பாடம்தான், நடுவில் ஒரு இடத்தில் நீ சிரித்தால் வகுப்பே நன்றாயிருக்கிறது என்று அவன் எழுதியிருந்தான். மச்சான் அதைப் பெரியவர்களுக்கு முன்னால் வாசித்தான், ஒரு பெண்ணின் குரல் மாதிரி இழுத்து இழுத்து. மாத வயிற்று வலிக்கு என்ன குடிக்கலாம் என்று நான் தேடியதையும் வாசித்தான். அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லுவார் என்று நம்பினேன். சொன்னார்.

“ஒளிக்க ஒண்ணும் இல்லாதவளுக்கு அவன் பார்த்தா என்னாடி?”

அப்பா எழுந்தார். மச்சானின் கையில் இருந்த ஃபோனை வாங்கி, மேசையில் முகம் கீழே இருக்கும்படி வைத்தார். என் மடியில் இருந்த லெப்டொப் பையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். “எங்களுக்கு வேணாம் மச்சான்” என்றார் மாமாவிடம். அவ்வளவுதான் பேசினார். என் முதுகில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கேற்று வரை வந்த பிறகுதான் அம்மா எங்களோடு வரவில்லை என்று கண்டோம்.

“இனி அந்தப் பொட்டிய வேற எவளுக்காவது குடுக்கலாம்” என்று மச்சான் உள்ளே சொன்னது வெளியே கேட்டது. அப்பா கையை நீட்டி மாத்தளைப் பஸ்ஸை நிறுத்தினார்.

அம்மா மறுநாள் தோட்டத்துக்கு வந்தார். என்னோடு பேசவில்லை. நான் விடுதிக்குப் போகும் காலையில் மட்டும், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார். “ஒரு மெஷினுக்காக எங்கண்ணன் வீட்டு வாசல அடைச்சிட்ட. நல்லாப் படி.”

நன்றாகப் படிக்க முடியவில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக் கணினிகளை வைத்துத்தான் இரண்டாம் வருடத்தை ஓட்டினேன். அவை பழையவை, பின்னேரமானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். விடுதியில் மற்றவர்கள் செய்து பார்த்துப் படிக்கும்போது நான் கடதாசியில் புரோகிராம் எழுதி, காலையில் ஓடிப்போய்த் தட்டிப் பார்ப்பேன். பாதி ஓடாது. தோழி தூங்கும்போது தன்னுடையதைத் தருவாள். ஒரு பாடத்தில் தவறினேன், மறுபடி எழுதினேன். லெப்டொப் இல்லை என்று விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது, “கணினி விஞ்ஞானத்துக்குக் கணினி இல்லாமல் வந்தது நீச்சல் போட்டிக்குக் குளிக்கப் பயந்தவள் வந்த மாதிரி” என்றார். வகுப்பு சிரித்தது. மட்டக்களப்புப் பையனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு நான் எதையும் அனுப்பவில்லை.

மூன்றாம் வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துச் சேர்த்த காசில், கண்டியில் ஒரு கடைக்குத் தனியாகப் போய்ப் பழைய லெப்டொப் ஒன்று வாங்கினேன். யாரையும் கேட்கவில்லை. நெடுநேரம் நின்று, எல்லாவற்றையும் என் விரலால் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். அது மோசமான தெரிவு. வாங்கி ஒரு மாதத்தில் பேட்டரி செத்தது, பிறகு மூடி கழன்றது. வயரைச் செருகினால்தான் உயிர் வரும். கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றான். என்னை ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்த பிறகும் அதை வைத்துத்தான் பட்டம் முடித்தேன்.

இப்போது கொழும்பில் வேலை. மச்சானுக்குப் பல்லேபொலப் பக்கம் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு எனக்கும் அப்பாவுக்கும் அழைப்பு இல்லை. அம்மாவுக்கு இருந்தது. இரண்டு நாள் முந்தியே போய், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். பெண் எப்படி என்று அப்பா கேட்டதற்கு, “நல்ல புள்ள. வாயே தொறக்காது” என்றாராம்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புது ஃபோன் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். எப்படி எடுப்பது, முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று காட்டினேன். அம்மா கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல நீ என்னையப் பார்ப்பியா?”

“கூப்பிட்டு நீங்க எடுத்தாத்தாம்மா பார்க்கலாம்.”

“அவனும் அப்பிடித்தான் சொன்னான்” என்றார். மச்சானைத்தான் சொல்கிறார். எப்போது, எதற்குச் சொன்னான் என்று கேட்டேன். அம்மா அலமாரியைத் திறந்து சேலைகளுக்கு அடியில் ஃபோனை வைத்து மூடினார்.

நான் எடுத்தால் அது அங்கே கிடந்து அடிக்கிறது என்று அப்பா சொல்கிறார். அம்மாவோடு பேச வேண்டும் என்றால் அப்பாவின் பழைய ஃபோனுக்குத்தான் எடுக்கிறேன். அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். சில நாளைக்கு அம்மா வாங்கிப் பேசுவார். சில நாளைக்குக் கை ஈரம் என்று சொல்லச் சொல்வார்.